பி.எட். இல்லாமல் வகுப்புக்குள் போகிறவர்கள்

‘பி.எட். எல்லாம் ஒரு பேப்பர்தான் டீச்சர். பிள்ளைங்க மேல பாசம் இருந்தா போதும், பாடம் தானா வந்துடும்.’ எங்கள் பக்கத்தில் சின்ன அளவில் தனியார் பள்ளி நடத்துகிற யாரிடம் பேசினாலும் எங்காவது ஓரிடத்தில் இந்தப் பேச்சு வந்துவிடும். கல்யாணப் பந்தியில் வரும். ஆண்டு விழாவில் மைக் பிடித்தால் வரும். சொல்கிறவர் கெட்டவராக இருக்க மாட்டார், கைக்காசைப் போட்டுப் பள்ளி ஆரம்பித்தவராகக்கூட இருப்பார். நானும் பல தடவை கேட்டுவிட்டுப் பேசாமல் வந்திருக்கிறேன். ஆனால் மனசு ஒப்புவதே இல்லை. முழுப் பொய்யாக இருந்தால் தள்ளிவிட்டுப் போய்விடலாம். பாதி உண்மையாக இருப்பதுதான் தொந்தரவு. ஒரு சான்றிதழும் இல்லாத அருமையான ஆசிரியர்களை நான் பார்த்திருக்கிறேன். எல்லாச் சான்றிதழும் வைத்துக்கொண்டு பிள்ளைகளை நிமிர்ந்துகூடப் பார்க்காதவர்களையும் பார்த்திருக்கிறேன். இருந்தும் ‘பேப்பர்தான்’ என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. ஏன் வருகிறது என்று யோசித்து யோசித்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

போன ஜூன் மாதம் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். பி.எஸ்சி. கணிதம் முடித்திருக்கிறாள். ‘அக்கா, குடியாத்தத்துல ஒரு ஸ்கூல்ல வரச் சொல்றாங்க. பி.எட். இல்லன்னாலும் பரவால்லயாம். ஏழாயிரம் தராங்களாம். போவட்டுமா?’ என்றாள். அப்பா தறி நெய்கிறவர். பி.எட். படிக்க வைக்கப் பணம் இல்லை, இரண்டு வருஷம் சம்பாத்தியம் இல்லாமல் உட்கார வைக்கவும் வழி இல்லை. நான் ‘போம்மா’ என்றேன். ‘ஆனா’ என்று ஆரம்பித்து வெகு நேரம் பேசினேன். அவள் கிளம்பிப் போன பிறகும் சொல்ல வேண்டியது மீதி இருந்தது.

நாளைக்கே வந்துடும்மா

நானும் அப்படி உள்ளே போனவள்தான். 2002இல் பி.எஸ்சி. கணிதம் முடித்த கையோடு ஒரு நர்சரி அண்டு பிரைமரி பள்ளியில் போய் நின்றேன். தாளாளர் ஒரு சாக்பீஸைக் கொடுத்து போர்டில் நாலு வரி எழுதச் சொன்னார். கையெழுத்தைப் பார்த்தார். ‘இங்கிலீஷ்ல பேசுவியாம்மா?’ என்றார். பேசிக் காட்டினேன். ‘நாளைக்கே வந்துடும்மா’ என்றார். இன்டர்வியூ அவ்வளவுதான். மறுநாள் மூன்றாம் வகுப்பு என் கையில். ஒரு வருகைப் பதிவேடு, ஒரு டப்பா சாக்பீஸ், முந்தின வருஷத்து டீச்சர் எழுதிவைத்த பாடக்குறிப்பு நோட்டு. எட்டு வயசுப் பிள்ளைக்குக் கடன் வாங்கிக் கழிப்பது ஏன் புரிவதில்லை என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கால்குலஸ் படித்த பெண்ணுக்குக் கழித்தல் சொல்லிக்கொடுப்பது ஒரு விஷயமா என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அந்தப் பள்ளியில், ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஓர் அம்மாவைத் தலைமை ஆசிரியையாக வைத்திருந்தார்கள். பெரிய டீச்சர் என்று கூப்பிடுவோம். அந்தக் காலத்து ‘ஹையர் கிரேடு’. அதாவது எட்டாம் வகுப்போடு இ.எஸ்.எல்.சி. எழுதிவிட்டு, இரண்டு வருஷம் ஆசிரியப் பயிற்சி முடித்தவர். படிப்பு என்று பார்த்தால் எங்களில் பாதிகூடக் கிடையாது. அவர் மேல் எங்களுக்கு மரியாதை உண்டு. ஆனால் பாடத்தில் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள ஏதோ இருக்கிறது என்று பட்டதாரிகளான எங்கள் யாருக்கும் தோன்றியதில்லை.

ஒருநாள் எண்களைச் சொல்லி எழுதவைத்துக்கொண்டிருந்தேன். ‘நூற்றைந்து’ என்றேன். ஒரு பையன் ரஃப் நோட்டில் 1005 என்று எழுதினான். அவன் எப்போதும் அப்படித்தான், நூற்றிருபது என்றால் 10020 என்று எழுதுவான். வழக்கமாக இதற்கு ஒரு பெருக்கல் குறி போட்டு, சரியான விடையைப் பக்கத்தில் எழுதி, பத்துத் தடவை எழுதிவா என்பார்கள். வராண்டாவில் போய்க்கொண்டிருந்த பெரிய டீச்சர் உள்ளே வந்து, அவன் நோட்டை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். ‘நூறு எழுதுடா’ என்றார். எழுதினான். ‘அஞ்சு எழுது.’ எழுதினான். ‘நீ காதுல விழுந்ததை விழுந்த மாதிரியே எழுதிகிறே. இருக்கட்டும். உங்கம்மா இன்னா வேலை செய்றாங்க?’

‘பீடி சுத்துறாங்க டீச்சர்.’

‘ஒரு கட்டுக்கு எத்தினி பீடி?’

‘இருவத்தஞ்சு.’

‘நாலு கட்டுக்கு?’

‘நூறு.’ இதற்கு அவன் யோசிக்கவே இல்லை.

‘நாலு கட்டு கட்டியாச்சு, உதிரியா அஞ்சு மீந்துச்சு. மொத்தம் எத்தினி?’

‘நூத்தி அஞ்சு.’

பெரிய டீச்சர் அவனுடைய 1005க்குக் கீழே 1000 என்று எழுதினார். ‘இது எத்தினி?’

‘ஆயிரம்.’ பீடிக்குக் கூலியே ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான் கொடுப்பார்கள். அந்த எண்ணை அவன் வீட்டில் தினமும் பார்க்கிறான்.

‘ஆயிரத்துக்கு எத்தினி கட்டு?’

‘நாப்பது.’

‘அப்ப நீ மேல எழுதினதுல எத்தினி கட்டு கீது?’

அவன் மேலும் கீழும் மாறி மாறிப் பார்த்தான். ‘நாப்பது கட்டு டீச்சர். நாப்பது கட்டும் அஞ்சும்’ என்று சொல்லும்போதே சிரித்துவிட்டான். நாலு கட்டு எங்கே, நாற்பது கட்டு எங்கே! ரப்பரை எடுத்து அழித்தான். பென்சிலை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தான். 105 என்று எழுதினான். யாரும் சொல்லித் தரவில்லை.

பெரிய டீச்சர் அதோடு விடவில்லை. பீடிக் கட்டு இருபத்தைந்தாக இருப்பதால் இடமதிப்புக்கு அது போதாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மறுநாள் தீக்குச்சிகளைக் கொண்டுவரச் செய்து, பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு, அந்தப் பத்துக் கட்டுகளைச் சேர்த்து ஒரு பெரிய கட்டு கட்டி, நூறு, பத்து, ஒன்று என்று மூன்று கோடு கிழித்த தரையில் பிள்ளைகளையே அடுக்க வைத்தார். பத்துக் கட்டு ஒன்றுமே இல்லாத கட்டத்தில் என்ன எழுதுவது என்று அவர்களே கேட்கும்வரை பூஜ்யத்தைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை.

அந்தப் பையன் எழுதியது தப்பு என்று எனக்குத் தெரியும். அது எங்கிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எண்ணின் பெயரைக் கேட்டபடியே எழுதுவது இந்த வயதுப் பிள்ளைகள் ஏராளமானோர் செய்வது, அதற்குப் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தைக் கண்டுபிடித்து அங்கிருந்து பிள்ளையை நகர்த்துவதுதான் தொடக்கப் பள்ளி ஆசிரியரின் வேலை. கணக்கில் பட்டம் வாங்கியவளுக்கு இது தெரிந்திருக்க அவசியமில்லை. மூன்று வருஷப் பாடத்திட்டத்தில் இதற்கு அரைப் பக்கம்கூடக் கிடையாது.

‘எங்க டீச்சர் கத்துக்கினீங்க?’ என்று அன்று மதியம் சாப்பிடும்போது கேட்டேன். ‘ட்ரெய்னிங்ல மாடல் ஸ்கூல் இருக்கும்மா. எங்களைப் பாடம் எடுக்க உட்டுட்டு வாத்தியாருங்க பின்னாடி உட்காந்து பாப்பாங்க. முடிஞ்சதும், நீ இன்னா நடத்தினேன்னு கேக்க மாட்டாங்க. எந்தப் பிள்ளை எந்த இடத்துல முழிச்சான்னு கேப்பாங்க. பதில் சொல்லலைன்னா மறுநாளும் அதே பாடம்தான்.’ பாசம் அவருக்கு இருந்தது, எங்களுக்கும் இருந்தது. எங்களிடம் இல்லாதது, பிள்ளையைப் பார்க்கத் தெரிந்த அந்தக் கண். அதை யாரோ ஒருவர் பின்னால் உட்கார்ந்து அவருக்குப் பழக்கியிருக்கிறார்கள்.

இன்ஸ்பெக்ஷன் நாள்

‘பேப்பர்தான்’ என்கிற பேச்சு மறைக்கிற மீதிப் பாதிக்கு வருகிறேன். அந்தப் பள்ளியில் ஆய்வுக்கு அதிகாரிகள் வருகிறார்கள் என்று தெரிந்தால் முந்தின நாள் சாயங்காலமே எங்களுக்குச் சொல்லிவிடுவார்கள். பயிற்சி பெறாதவர்கள் அன்று வர வேண்டாம். வந்துவிட்டால் பின்பக்கத்து ஸ்டோர் ரூமில் இருக்க வேண்டும். பதிவேட்டில் என் வகுப்புக்கு வேறொருவர் பெயர் இருந்தது. சான்றிதழ் அவருடையது, வகுப்பு என்னுடையது. அவரை நான் பார்த்ததுகூட இல்லை. ஜன்னல் வழியாக என் வகுப்புப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் கேட்கும். ஒரு வருஷமாக நான் சொல்லிக்கொடுத்த வாய்ப்பாடு. அதிகாரி ‘வெரிகுட்’ என்பதும் கேட்கும். நாங்கள் மூன்று நான்கு பேர் பழைய பெஞ்சுகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருப்போம்.

தகுதி வெறும் பேப்பர் என்றால் எங்களை எதற்கு ஒளித்து வைக்க வேண்டும்? அந்தப் பேப்பருக்கு மதிப்பு உண்டு என்று தாளாளருக்கு நன்றாகவே தெரியும். அது எங்கள் கையில் இல்லாதவரை எங்களுக்கு வெளியே வேலை கிடையாது, அரசுத் தேர்வு கிடையாது, சம்பளம் கேட்க வாய் கிடையாது என்பதும் தெரியும். சேரும்போதே ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி பீரோவில் வைத்துக்கொண்டார்கள். மே மாதம் சம்பளம் இல்லை, ஆனால் அட்மிஷன் நோட்டீஸை எடுத்துக்கொண்டு வீடு வீடாக வெயிலில் போக வேண்டும். யாராவது முணுமுணுத்தால் வருகிற பதில் ஒன்றேதான்: ‘ட்ரெய்னிங் இல்லாத உன்னை யாரும்மா வேலைக்கு வெச்சுப்பாங்க?’ பந்தியில் ‘தகுதி என்ன தகுதி’ என்று பேசுகிற அதே வாய்தான். தகுதி இல்லாததே எங்களைக் கட்டிப்போடும் கயிறாக இருந்தது. இப்படிப் பள்ளிகளில் நிற்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். வீட்டுக்குப் பக்கத்தில், மதிப்பான வேலை, சாயங்காலம் நாலரைக்கு வீடு திரும்பலாம் என்பதற்காக எவ்வளவு குறைவாகக் கொடுத்தாலும் வருவோம் என்று கணக்குப் போட்டுத்தான் இந்தப் பள்ளிகள் ஓடுகின்றன.

அரசைச் சொல்லாமல் தனியாரை மட்டும் சொன்னால் நியாயமாகாது. 2022இல் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் மூலமாகத் தற்காலிக ஆசிரியர்களை எடுக்கச் சொன்னபோது, இடைநிலை ஆசிரியருக்கு, அதாவது ஒன்று முதல் ஐந்துவரை எடுப்பவருக்கு, மாதம் 7,500 ரூபாய் என்றுதான் நிர்ணயித்தார்கள். நிரந்தரப் பணியில் அதே வேலைக்கு அடிப்படைச் சம்பளமே 20,600இல் ஆரம்பிக்கிறது. 2012இல் 5,000 ரூபாய்க்குச் சேர்ந்த பகுதிநேர ஆசிரியர்கள் பதினாறாயிரம் பேருக்கு மேல். அவர்களின் பணிநிரந்தரக் கோரிக்கை எத்தனை வருஷம் தெருவில் கிடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும்.

நான் பெரிய டீச்சர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, அம்மாவின் கம்மலை அடகு வைத்து, தொடக்கப் பள்ளி ஆசிரியப் பயிற்சியான டி.டி.எட். சேர்ந்தேன். அந்த இரண்டு வருஷத்தைப் பற்றி மிகையாக எதுவும் சொல்ல மாட்டேன். பாதி நேரம் ரெக்கார்டு நோட்டு எழுதுவதிலும், சார்ட்டில் படம் ஒட்டுவதிலும், மைக்ரோ டீச்சிங் என்று சக மாணவிகளையே பிள்ளைகளாக உட்காரவைத்து நடித்துக் காட்டுவதிலும் போனது. பயிற்சி நிறுவனங்கள் புதிது புதிதாகத் திறந்துகொண்டிருந்த காலம், சிலவற்றில் சொல்லிக்கொடுக்க ஆளே இல்லை. ஆனால் பள்ளிக்குப் போய்ப் பாடம் எடுத்த வாரங்களில், என் வகுப்பின் கடைசி பெஞ்சில் ஒரு விரிவுரையாளர் உட்கார்ந்தார். ‘அந்த மூலையில இருந்த பொண்ணு ஒரு தடவைகூட வாயைத் திறக்கலை, பாத்தியா?’ என்று கேட்டார். நான் பார்த்திருக்கவில்லை. மறுநாளிலிருந்து பார்த்தேன். கம்மலுக்கான வட்டி அந்தக் கேள்விக்கே தகும்.

ஒரு சான்றிதழும் இல்லாத ஒருத்தி

இங்கே என் வாதத்துக்கு எதிரான சாட்சியையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நேர்மையாக இருக்காது. கொரோனாவுக்குப் பிறகு, 2021 அக்டோபரில், தன்னார்வலர்கள் வீட்டுப் பக்கத்திலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை அரசு ஆரம்பித்தது இல்லையா, சாயங்காலம் ஐந்து முதல் ஏழு வரை, மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. ஒன்று முதல் ஐந்துவரை எடுக்கப் பிளஸ் டூ இருந்தால் போதும். எங்கள் பள்ளிப் பிள்ளைகள் போன மையத்தை நடத்தியவள் பிளஸ் டூ படித்தவள், இரண்டு குழந்தைகளுக்குத் தாய். கணவர் பேரணாம்பட்டில் ஷூ கம்பெனிக்குப் போகிறவர். வீட்டு வாசலில் கூரைக்குக் கீழே ஒரு பல்பைப் போட்டு, பாயை விரித்து நடத்தினாள்.

ஒரு சாயங்காலம் போய்ப் பார்த்தேன். மூன்றாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு என்று அவள் பிரித்து உட்காரவைக்கவில்லை. எழுத்தே தெரியாதவர்கள் ஒரு பாய். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்கள் ஒரு பாய். ஓரளவு சரளமாகப் படிப்பவர்கள் திண்ணையில். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் முதல் பாயில் இருந்தான், அவனுக்குக் கூச்சமாக இருக்கக் கூடாது என்று சின்னப் பிள்ளைகளுக்கு அட்டையைக் காட்டும் பொறுப்பை அவனிடமே கொடுத்திருந்தாள். அட்டையைக் காட்டிக் காட்டி அவனும் படித்துக்கொண்டிருந்தான். ‘யார்மா சொல்லிக்கொடுத்தாங்க இப்படிப் பிரிக்க?’ என்றேன். ‘யாரும் சொல்லலை டீச்சர், கிளாஸ்படி உட்காரவெச்சா பாதிப் பேரு சும்மா உட்காந்துகினு இருந்தாங்க’ என்றாள். அடுத்த ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் நிலையைப் பார்த்துப் பிரித்துக் கற்பிக்க எங்களுக்கு நாள் கணக்கில் பயிற்சி கொடுத்தார்கள். நல்ல பயிற்சிதான். அதில் உட்கார்ந்திருந்தபோதெல்லாம் எனக்கு அந்த வாசல் பல்புதான் நினைவில் இருந்தது.

அப்படியானால் தாளாளர் சொன்னது சரிதானே என்று கேட்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவளிடம் இருந்தது பெரிய டீச்சருக்கு இருந்த அதே கண், யாரும் பழக்காமலே வாய்த்திருக்கிறது. அப்படி வாய்ப்பது எல்லோருக்கும் நடக்காது. ஒரு பள்ளியில் இருபது ஆசிரியர்கள் இருந்தால் இருபது பேருக்கும் அது தானாக வாய்க்கும் என்று நம்பிப் பிள்ளைகளை அனுப்ப முடியாது. அதைவிட முக்கியமாக, அவளுக்கு இன்னும் தெரிய வேண்டியது நிறைய இருந்தது, அது அவளுக்கே தெரிந்திருந்தது. ‘பின்னம் வந்தா எனக்குக் கை நடுங்குது டீச்சர், எப்பிடி ஆரம்பிக்கறது?’ என்று என்னிடம் கேட்டாள். கேட்கத் தெரிந்தவளுக்குப் பயிற்சி கொடுத்தால் எங்கே போய் நிற்பாள்!

ஆனால் அவள் எப்படிப் பயிற்சிக்குப் போவாள்? தொடக்கப் பள்ளி ஆசிரியராக வேண்டுமென்றால் இரண்டு வருஷம் முழுநேர டி.எல்.எட். (நான் படித்த டி.டி.எட்.டுக்கு இப்போதைய பெயர்). அரசு நிறுவனத்தில் படித்தால் செலவு குறைவு, ஆனால் எங்களுக்கான மாவட்ட ஆசிரியர் கல்வி பயிற்சி நிறுவனம் ராணிப்பேட்டையில் இருக்கிறது. குடியாத்தத்திலிருந்து வேலூர், வேலூரிலிருந்து ராணிப்பேட்டை என்று இரண்டு பஸ். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு தினமும் எப்படிப் போய்வருவது? பி.எட். என்றால் அதுவும் 2015இலிருந்து இரண்டு வருஷமாகிவிட்டது. தொலைதூரக் கல்வியில் பி.எட். இருக்கிறதே என்பார்கள். அது ஏற்கெனவே ஆசிரியப் பயிற்சி முடித்தவர்களுக்கு மட்டும்தான். பயிற்சி இல்லாமல் வகுப்பில் நிற்கிறவளுக்கு, அதாவது யாருக்கு அது மிகவும் தேவையோ அவளுக்கு, அந்தக் கதவு கிடையாது. மிச்சம் இருப்பது ‘வாரத்துக்கு ஒரு நாள் வந்தா போதும், அட்டெண்டன்ஸ் நாங்க பாத்துக்கறோம்’ என்று கூப்பிடுகிற இடங்கள். விதிப்படி பி.எட். வகுப்புகளுக்கு 80 சதவீதம், பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம் வருகை வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு அதைத் தாளில் நிரப்பித் தருகிறவர்கள்தான் பி.எட்.டை நிஜமாகவே வெறும் பேப்பர் ஆக்குகிறவர்கள். அங்கே போய் வந்தவளிடம் சான்றிதழ் இருக்கும், கடன் இருக்கும். அவள் பின்னால் ஒருநாள்கூட யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

சட்டமும் பஸ்ஸும்

கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆகஸ்ட் 23ஆம் தேதி குறைந்தபட்சத் தகுதி என்ன என்று அறிவித்தார்கள், ஆசிரியர் தகுதித் தேர்வும் அதில் வந்தது. பயிற்சி இல்லாதவர்களுக்கு முதலில் ஐந்து வருஷம் அவகாசம். பிறகு 2017இல் சட்டத்தைத் திருத்தி 2019 மார்ச் 31வரை நீட்டினார்கள். அந்த நேரத்தில்தான் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலமாக, வேலையில் இருந்துகொண்டே படிக்கும் டி.எல்.எட். வந்தது. நாடு முழுக்கப் பல லட்சம் பேர் சேர்ந்தார்கள். அந்தப் பதினெட்டு மாதப் படிப்பு இரண்டு வருஷப் படிப்புக்குச் சமமா என்ற வழக்கு பிறகு உச்ச நீதிமன்றம்வரை போனது. படித்தவர்களின் நிலை வேறு தலைவலி. ஆனால் வேலை செய்துகொண்டே பயிற்சி பெற அப்போது ஒரு கதவு திறந்தது.

தகுதித் தேர்வை நான் எழுதினேன். 2012 ஜூலை 12ஆம் தேதி நடந்த முதல் டெட். 150 கேள்வி, ஒன்றரை மணி நேரம். ஆறு லட்சத்துக்கும் மேல் எழுதினார்கள், தேறியவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அக்டோபரில் மூன்று மணி நேரம் கொடுத்து மறுபடி வைத்தார்கள். நான் தேறியது அதில்தான். பிள்ளையின் தப்பைப் படிக்கத் தெரிந்தவரை இந்தத் தேர்வு அடையாளம் கண்டுவிடும் என்று நான் நம்பவில்லை. வட்டத்தைக் கறுப்பாக்கும் தேர்வுக்கு அந்தச் சக்தி கிடையாது. அது ஒரு வாசற்படி, தாண்டித்தான் ஆக வேண்டும். 2025 செப்டம்பர் 1ஆம் தேதி, ஆசிரியர் தினத்துக்கு நாலு நாள் முன்னால், ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் இருக்கும் பணியில் உள்ள ஆசிரியர்களும் இரண்டு வருஷத்துக்குள் டெட் தேற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன அன்று, எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் ஐம்பதைத் தொட்டவர்கள் ஆறாம் வகுப்புச் சமச்சீர்ப் புத்தகத்தைக் கையில் எடுத்தார்கள். அவர்கள் முறையாகப் பயிற்சி பெற்றவர்கள். அவர்கள் பதற்றத்தையும் பயிற்சியே இல்லாமல் வேலைக்கு எடுப்பதையும் ஒரே பேச்சில் கலக்கக் கூடாது.

ஆசிரியர் தினம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ராதாகிருஷ்ணன் பிறந்தபோது திருத்தணி வட ஆற்காட்டில் இருந்தது. அவர் வேலூர் ஊரீசு கல்லூரியில் படித்தவர். 1909இல் சென்னை மாநிலக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தார். அதற்குப் பிறகுதான் சைதாப்பேட்டையில் ஆசிரியப் பயிற்சிக்குப் போனார். முதலில் வேலை, பிறகு பயிற்சி. யாரும் அவரை ஸ்டோர் ரூமில் நிற்க வைக்கவில்லை. அதே வழியை இன்று ஒரு நெசவாளர் மகளுக்குத் திறந்துவிட்டால் என்ன?

ஆந்திர எல்லையைத் தாண்டி மதனப்பள்ளிப் பக்கம் ரிஷி வேலி என்ற பள்ளியில் அதைத்தான் செய்தார்கள். சுற்றியிருக்கும் கிராமங்களில் சின்னப் பள்ளிகள் நடத்த அந்தந்த ஊர் இளைஞர்களையே எடுத்து, பள்ளியிலேயே பழக்கினார்கள். பல வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து தங்கள் வேகத்தில் படிக்க, எதற்குப் பிறகு எது என்று காட்டும் ஏணிப்படியும் பாட அட்டைகளும் உருவாக்கினார்கள். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளிலும், 2007 வாக்கில் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் முழுக்கவும் செயல்வழிக் கற்றலாக வந்தது அந்த யோசனைதான். அட்டையைக் கொண்டுவந்த நாம், அந்த ஊர்ப் பெண்ணைப் பழக்கி எடுத்த முறையைக் கொண்டுவரவில்லை.

நான் கேட்பது பெரிதல்ல. தனியார் பள்ளியில் பயிற்சி இல்லாமல் வேலை பார்க்கிறவர்கள் யார் யார் என்று வெளிப்படையாகக் கணக்கெடுக்கட்டும். ஒளித்துவைத்ததற்குத் தண்டனை பள்ளிக்கு இருக்கட்டும், அந்தப் பெண்ணுக்கு வேண்டாம். வேலையில் இருந்தபடியே சனிக்கிழமையும் கோடை விடுமுறையுமாக மூன்று வருஷத்தில் டி.எல்.எட். முடிக்க வழி செய்யட்டும். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வட்டார வள மையம் குடியாத்தத்திலேயே இருக்கிறது, ராணிப்பேட்டைக்கு இரண்டு பஸ் ஏற வேண்டாம். பாடம் எடுக்கும்போது பின்னால் உட்கார்ந்து பார்க்க ஓய்வுபெற்ற நல்ல ஆசிரியர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள், கூப்பிட்டால் வருவார்கள். அதுவரை, பிள்ளைக்கு முறையாகப் பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும் என்பதில் நான் ஒரு துளியும் இறங்கி வர மாட்டேன். தன் தப்பு எங்கே இருக்கிறது என்று எட்டு வயதில் யாருக்கும் எடுத்துச் சொல்லத் தெரியாது. பயிற்சி இல்லாத எங்களிடம் மாட்டிக்கொண்ட பிள்ளைகள் புகார் கொடுக்கவில்லை, ‘எனக்குக் கணக்கு வராது’ என்று தங்கள் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு போனார்கள்.

எங்கள் தெருப் பெண்ணுக்கும் அவளைப்போல் கேட்கிறவர்களுக்கும் இப்போதைக்குச் சொல்ல முடிந்தது இதுதான். வேலை கிடைத்தால் சேருங்கள். ஒரிஜினல் சான்றிதழைக் கொடுக்காதீர்கள், கேட்டால் நகல் கொடுத்து ஒரிஜினலைக் காட்டிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள், நாளைக்கு அனுபவத்துக்கு அதுதான் ஆதாரம். சின்ன வகுப்புதான் பிடிக்கும் என்றால் பி.எட்.டில் பணத்தைப் போடாதீர்கள். ஒன்று முதல் ஐந்துவரை அது செல்லாது என்று 2023இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, டி.எல்.எட். சேருங்கள். பட்டம் முடித்து உயர்நிலை வகுப்புக்குப் போக ஆசை என்றால் பி.எட். சேருங்கள், ஆனால் வகுப்புக்குப் போகாமலே வாங்கித் தருகிறேன் என்கிறவனிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அப்புறம், உங்கள் பள்ளியில் யாருடைய வகுப்பில் பிள்ளைகள் நிறையக் கேள்வி கேட்கிறார்களோ, அந்த வகுப்பின் பின்னால் போய் ஒரு பீரியட் உட்காருங்கள்.

எங்கள் வீட்டில் மாதத்தில் இரண்டாம் சனிக்கிழமை இப்படிப்பட்ட நாலைந்து பேர் கூடுகிறோம். அந்த இல்லம் தேடிக் கல்விப் பெண்ணும் வருகிறாள். ஒவ்வொருவரும் தன் வகுப்புப் பிள்ளை ஒருத்தரின் கணக்கு நோட்டை எடுத்துவந்து, தப்பாகப் போட்ட ஒரு கணக்கைக் காட்ட வேண்டும். அந்தப் பிள்ளை என்ன நினைத்து அப்படிப் போட்டிருக்கும் என்று எல்லோரும் சேர்ந்து கண்டுபிடிக்கிறோம். குடியாத்தம், கே.வி.குப்பம், பேரணாம்பட்டுப் பக்கம் இருக்கிறவர்கள் யார் வேண்டுமானாலும் வரலாம். அடுத்த தடவை பின்னம் எடுத்துக்கொள்கிறோம், நாலாம் வகுப்பு நோட்டாகப் பார்த்துக் கொண்டுவாருங்கள்.